தோற்றவர் அறிவிக்கும் முடிவு



அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜனாதிபதித் தேர்தல் நடைபெறுகிறது. யார் வென்றார், யார் தோற்றார் என்பதை நம் பள்ளிச் சிறுவர்களும் மறுநாளே அறிந்துகொள்கின்றனர். ஆனால் அந்த வாக்குகளை எண்ணியவர் யார், அவரை மற்றவர்கள் எதனால் நம்பினார்கள் என்று கேட்பவர் மிகச் சிலரே. அந்தச் சிலருடைய கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

இந்தியாவில் தேர்தல் நடத்துவதற்கென்றே அரசியலமைப்பு ஓர் ஆணையத்தை நிறுவியிருக்கிறது. அமெரிக்காவில் தேசம் முழுவதற்கும் தேர்தலை நடத்தித் தரும் அமைப்பு எதுவும் இல்லை. ஐம்பது மாநிலங்களும் பெரும்பாலும் தத்தம் சட்டப்படியே தேர்தலை நடத்துகின்றன. மாநிலங்களுக்குள் ‘கவுண்டி’ எனப்படும் வட்டங்கள் மூவாயிரத்துக்கு மேல் உள்ளன. பெரும்பாலான இடங்களில் சீட்டு அச்சிடுவதும், சாவடி அமைப்பதும், வாக்கை எண்ணுவதும் அவற்றின் பொறுப்பு. பல மாநிலங்களில் தேர்தலுக்குத் தலைமை தாங்குபவர் ‘மாநிலச் செயலாளர்’ என்னும் அதிகாரி. அவரும் ஒரு கட்சியின் சார்பில் போட்டியிட்டு வென்றவரே! ஆட்டக்காரரே நடுவராகவும் நிற்பது போன்ற ஏற்பாடு இது. தன் மகன் எழுதிய விடைத்தாளைத் தந்தை திருத்தலாகாது என்ற விதியிலேயே காலமெல்லாம் உழன்ற என் போன்ற ஆசிரியர்களுக்கு இது வியப்பூட்டாமல் இராது.

இத்தகைய ஏற்பாட்டில் தேர்தல் எப்படி நேர்மையாக நடக்கும்? நெடுங்காலம் அது நேர்மையாக நடக்கவில்லை என்பதே உண்மை.

குடியரசு தோன்றிய தொடக்க நாட்களில் பல மாநிலங்களில் வாக்காளர் அதிகாரியின் முன் நின்று, தம் வேட்பாளரின் பெயரை வாய்விட்டு உரைக்க வேண்டும். கடன் கொடுத்தவனும் வேலை கொடுத்தவனும் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருப்பர். பின்னர்க் காகிதச் சீட்டு வந்தது. ஆனால் அதை அரசாங்கம் அச்சிடவில்லை, கட்சிகளே அச்சிட்டன. தம் வேட்பாளர்களின் பெயர்களை மட்டும் வரிசையாக அச்சிட்டு, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி வண்ணத் தாளில் கொடுத்தன. இன்ன நிறச் சீட்டைப் பெட்டியில் இட்டவர் இன்ன கட்சிக்காரர் என்பது தெருவில் நிற்பவருக்கும் விளங்கும். வாக்கை விலைக்கு வாங்கியவன், கொடுத்த காசுக்குச் சரக்கு வந்து சேர்ந்ததா என்று கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ள முடிந்தது.

பெட்டியின் கதை இன்னும் சுவையானது. 1856ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு வாக்குப் பெட்டி பிடிபட்டது. வெளியே பார்த்தால் சாதாரண மரப்பெட்டி. உள்ளேயோ பொய்யடியும் பொய்ப் பக்கமும் பொருத்தப்பட்டிருந்தன. வாக்குப் பதிவு தொடங்கும் முன்பே அவற்றின் பின்னே சீட்டுகளை நிறைத்து வைத்துவிடலாம். எண்ணும் வேளையில் ஒரு பலகையை நகர்த்தினால், மறைந்திருந்த சீட்டுகள் மற்றவற்றோடு கலந்துவிடும். பெட்டியைத் திறந்து காட்டி, “பாருங்கள், ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டே இந்த மோசடியைச் செய்யலாம்! இத்தகைய சூழ்ச்சிகளுக்கு மாற்றாக அந்தப் பத்தாண்டின் இறுதியில் நியூயார்க்கில் கண்ணாடிக் கோளத்தாலான வாக்குப் பெட்டி புழக்கத்துக்கு வந்தது. விழுகின்ற சீட்டை எல்லாரும் பார்க்கலாம். ஆனால் கண்ணாடிப் பெட்டியால் எண்ணுபவனின் கையை என்ன செய்ய முடியும்? அதே நியூயார்க்கில்தான் ‘டாமனி ஹால்’ என்னும் ஜனநாயகக் கட்சிக் கோஷ்டியின் தலைவரான வில்லியம் ட்வீட் கோலோச்சினார். 1871இல் தாமஸ் நாஸ்ட் என்னும் ஓவியர் அவரைக் கேலிச் சித்திரமாக வரைந்தார். வாக்குப் பெட்டியின் மேல் கையை ஊன்றி, எண்ணுவது நானாக இருக்கும்போது நீங்கள் என்ன செய்துவிட முடியும் என்று ட்வீட் கேட்பதாக அந்தச் சித்திரம் அமைந்தது. நூறு தலையங்கங்கள் சொல்லாததை அது சொல்லிற்று.

மருந்து ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அங்கே விக்டோரியாவிலும் தென் ஆஸ்திரேலியாவிலும் 1856இல் ஒரு புது முறை ஏற்பட்டிருந்தது. சீட்டை அரசாங்கமே அச்சிடும். எல்லா வேட்பாளர் பெயர்களும் ஒரே தாளில் இருக்கும். வாக்காளர் தனி மறைவில் குறியிட்டு மடித்துப் பெட்டியில் இடுவார். அமெரிக்க மாநிலங்களுள் முதன்முதலாக மாசசூசெட்ஸ் 1888இல் இதைச் சட்டமாக்கிற்று. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மிகப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன. யாருக்கு வாக்களித்தார் என்று சரிபார்க்க முடியாதவருக்குக் காசு கொடுக்க எவன் முன்வருவான்? ஆயினும் இந்தச் சீர்திருத்தத்துக்கும் ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. படிக்கத் தெரியாதவர் தாமே குறியிட வேண்டியதாயிற்று. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களைத் தேர்தலிலிருந்து விலக்க இதுவும் ஒரு கருவியாகப் பயன்படுத்தப்பட்டது.

இதுவரை கூறியது சாவடியில் நிகழ்வது. கடைசிக் கணக்கு வாஷிங்டன் நகரில் முடிகிறது. அமெரிக்க ஜனாதிபதியை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர்கள் என்று ஒரு தொகை உண்டு. இன்று மொத்தம் 538 பேர். அவர்கள் அளித்த வாக்குகளின் சான்றிதழ்கள் காங்கிரஸ் என்னும் அந்நாட்டுச் சட்டமன்றத்துக்கு அனுப்பப்படும். இரு சபைகளும் கூடியிருக்க, அவற்றை உறை பிரிப்பவர் யார் தெரியுமா? செனட் சபையின் தலைவர் என்ற முறையில் உப ஜனாதிபதி. அவரே ஜனாதிபதிப் பதவிக்கு நின்று தோற்றவராக இருந்தாலும், அந்த ஆசனத்தில் அமர்ந்து தம் தோல்வியைத் தாமே அறிவிக்க வேண்டும்! அரசியலமைப்பை வகுத்தோர் இதை முன்கூட்டி நினைத்துப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்நாட்டு அரசியலின் உண்மையான பரீட்சை மண்டபம் இதுவாகவே ஆகிவிட்டது.

1861 பிப்ரவரி 13ஆம் நாளை நோக்குங்கள். தேர்தலில் லிங்கன் வென்றிருந்தார். தென் மாநிலங்கள் பல பிரிந்து போய்விட்டதாக அறிவித்திருந்தன. எண்ணிக்கையைக் குலைக்கக் கலகக் கும்பல் வரும் என்ற அச்சத்தால் தளபதி வின்ஃபீல்டு ஸ்காட் காங்கிரஸ் மாளிகைக்குப் படைக்காவல் போட்டிருந்தார். ஆசனத்தில் இருந்தவர் ஜான் பிரெக்கின்ரிட்ஜ். லிங்கனை எதிர்த்து நின்று 72 தேர்வாளர் வாக்குகள் பெற்றுத் தோற்றவர். சில மாதங்களுக்குப் பின் தென்னவரின் படையில் சேர்ந்து தளபதியானவரும் அவரே. அப்படிப்பட்டவர் அன்று ஒவ்வோர் உறையையும் முறையாகப் பிரித்து, லிங்கன் 180 வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று அறிவித்தார். நாட்டைப் பிளக்கத் துணிந்தவரும் எண்ணிக்கையைப் பொய்யாக்கத் துணியவில்லை.

1876ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்த ஒழுங்கு ஏறக்குறைய உடைந்தது. ஜனநாயகக் கட்சியின் டில்டனுக்கு 184 தேர்வாளர்கள் உறுதியாயினர். வெற்றிக்கு இன்னும் ஒருவரே வேண்டும். குடியரசுக் கட்சியின் ஹேய்ஸுக்கு 165. புளோரிடா, லூயிசியானா, தென் கரோலினா ஆகிய மாநிலங்களிலும், ஆரிகனில் ஓரிடத்துக்கும் ஆக 20 இடங்களுக்கு எதிரெதிரான சான்றிதழ்கள் வந்தன. தீர்ப்புக் கூறப் பதினைவர் குழு ஒன்று அமைந்தது. ஒவ்வொரு சர்ச்சையிலும் எட்டுக்கு ஏழு என்று கட்சி பிரிந்தே அவர்கள் வாக்களித்தனர். முடிவில் 185க்கு 184 என்ற கணக்கில் ஹேய்ஸ் ஜனாதிபதியானார். பின்னர்த் தென் மாநிலத் தலைநகர்களைக் காத்துநின்ற மத்திய அரசுப் படைகள் விலக்கப்பட்டன. அங்கிருந்த கறுப்பின மக்களின் வாக்குரிமை படிப்படியாகப் பறிபோயிற்று. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை அது மீளவில்லை. இரு கட்சியாரும் தம் நாற்காலிக் கணக்கை முடித்துக்கொண்டனர். விலையைச் செலுத்தியவர்கள் அறைக்கு வெளியே இருந்தனர்.

1960ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுகளில் நிகழ்ந்ததை மாணவர்கள் சற்று ஊன்றிக் கேட்க வேண்டும். முந்திய ஆண்டில்தான் ஹவாய் மாநிலமாகியிருந்தது. அங்கே பதிவானவை சுமார் 1,84,000 வாக்குகள். முதல் கணக்கில் குடியரசுக் கட்சியின் நிக்சன் ஏறத்தாழ 140 வாக்குகளால் முந்தினார். மறு எண்ணிக்கை கேட்டு ஜனநாயகக் கட்சியினர் நீதிமன்றம் ஏறினர். சீட்டுகளை மீண்டும் எண்ணியபோது, கென்னடி 115 வாக்குகளால் வென்றிருப்பது தெரிந்தது. ஆளுநர் நிக்சனின் கட்சிக்காரர். இருந்தும் புதிய சான்றிதழில் கையொப்பமிட்டு வாஷிங்டனுக்கு அனுப்பினார். 1961 ஜனவரி 6ஆம் நாள் உறைகளைப் பிரிக்க ஆசனத்தில் இருந்த உப ஜனாதிபதி வேறு யாருமல்லர், நிக்சனேதான். ஒரே மாநிலத்திலிருந்து வந்த முரண்பட்ட சான்றிதழ்கள் அவர் கையில் இருந்தன. கென்னடிக்குச் சாதகமானதையே கணக்கில் கொள்ளலாம் என்று அவரே முன்மொழிந்தார். ஒருவரும் மறுக்கவில்லை. அந்த மூன்று இடங்களால் தேர்தல் முடிவு மாறாது என்பது மெய்யே. பிற்காலத்தில் வேறொரு விவகாரத்தில் பதவியையும் பெயரையும் இழந்தவர் நிக்சன் என்பதும் மெய்யே. ஆயினும் அன்றைய செயலுக்குரிய மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

2000ஆம் ஆண்டில் புளோரிடாவில் சுமார் அறுபது லட்சம் வாக்குகளில் வித்தியாசம் 537 என்று முடிந்தது. அங்கே தேர்தலுக்குப் பொறுப்பான மாநிலச் செயலாளர், புஷ்ஷின் தேர்தல் பிரசாரத்துக்கு அம்மாநிலத்தில் இணைத்தலைவர்களுள் ஒருவர்! மற்றொருபுறம், பாம் பீச் வட்டத்தில் வாக்காளர்களைக் குழப்பிய சீட்டை வடிவமைத்தவர் கோரின் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்த அதிகாரி. முதியோர் படிக்கும்படி எழுத்தைப் பெரிதாக்க எண்ணி, பெயர்களை இரு பக்கங்களில் பரப்பினார். துளையிடும் இடம் நடுவே அமைந்தது. கோருக்கென்று எண்ணிப் பலர் வேறொருவருக்குத் துளையிட்டுவிட்டனர். சூதை விடச் சில வேளைகளில் நல்லெண்ணமும் தேர்தலைக் கெடுக்கும். மறு எண்ணிக்கையை உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற தீர்ப்பால் நிறுத்திற்று. அடுத்த ஜனவரியில் உப ஜனாதிபதி கோர் ஆசனத்தில் அமர்ந்தபோது, அவருக்காகவே அவர் கட்சிப் பிரதிநிதிகள் சிலர் எழுந்து ஆட்சேபித்தனர். விதிப்படி ஒரு செனட் உறுப்பினரின் கையொப்பமும் வேண்டும். அது இல்லை என்று கூறி, ஒவ்வோர் ஆட்சேபத்தையும் கோரே தள்ளினார்.

புளோரிடாவின் அனுபவத்துக்குப் பின் துளைச் சீட்டுகள் மறைந்து இயந்திரங்கள் பெருகின. சில மாநிலங்களில் காகிதமே இல்லாத இயந்திரங்கள் வந்தன. ஜார்ஜியா மாநிலம் 2002 முதல் அவற்றையே பயன்படுத்திற்று. இயந்திரம் சொன்ன தொகை சரியா என்று சோதிக்க வேண்டுமானால், அதே இயந்திரத்தையே மறுபடி கேட்க வேண்டும்! 2016இல் ரஷ்ய உளவாளிகள் இல்லினாய் மாநிலத்து வாக்காளர் பதிவேட்டுக் கணினிக்குள் புகுந்தனர். பதிவான வாக்கு எதுவும் மாற்றப்பட்டதாகச் சான்றில்லை. ஆயினும் காகிதத்தின் அருமையைப் பலரும் உணர்ந்தனர். ஒரு நீதிமன்ற ஆணைக்குப் பின் 2020இல் ஜார்ஜியாவும் காகிதத்துக்குத் திரும்பிற்று.

அந்த ஆண்டே அதற்குப் பரீட்சை வந்தது. ஐம்பது லட்சம் வாக்குகளில் பைடன் மிகச் சிறு வித்தியாசத்தில் முந்தினார். மாநிலச் செயலாளர் பிராட் ராஃபென்ஸ்பெர்கர் குடியரசுக் கட்சிக்காரர். தாம் டிரம்புக்கு வாக்களித்ததாகக் கூறியவர். அவர் பொறுப்பில் சீட்டுகள் அனைத்தும் கையால் எண்ணப்பட்டன. சில வட்டங்களில் விடுபட்டிருந்த சில ஆயிரம் சீட்டுகள் அப்போது வெளிப்பட்டு, பைடனின் முன்னணி சற்றுக் குறைந்தது. பின்னர் இயந்திரத்தாலும் மறுபடி எண்ணினர். இறுதி வித்தியாசம் 11,779. 2021 ஜனவரி 2ஆம் நாள் ஜனாதிபதி டிரம்ப் தொலைபேசியில் அழைத்து, 11,780 வாக்குகளைக் கண்டுபிடித்துத் தரக் கேட்டார். ராஃபென்ஸ்பெர்கர் இணங்கவில்லை. சீட்டு கையில் இருந்தது. எண்ணியவர்களுக்கு இரு கட்சியாரும் சாட்சியாக இருந்தனர். இவை இல்லாதிருந்தால் அவருடைய மறுப்பு வெறும் சொல்லாகவே நின்றிருக்கும்.

நான்கு நாட்கள் கழித்து, உறை பிரிக்கும் ஆசனத்தில் உப ஜனாதிபதி மைக் பென்ஸ் அமர்ந்தார். சில மாநிலங்களின் வாக்கைத் தள்ளிவிடுமாறு அவருடைய தலைவரே வற்புறுத்தியிருந்தார். தமக்கு அந்த அதிகாரம் இல்லை என்று பென்ஸ் எழுதி வெளியிட்டார். கும்பல் ஒன்று மாளிகையை உடைத்துப் புகுந்தது. எண்ணிக்கை பல மணி நேரம் தடைப்பட்டது. மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு மேல் பென்ஸ் முடிவை அறிவித்தார்: பைடனுக்கு 306, டிரம்புக்கு 232. 2022இல் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது. உப ஜனாதிபதியின் பணி வெறும் சடங்குப் பணியே என்று வரையறுத்தது. ஆட்சேபம் எழுப்ப ஒவ்வொரு சபையிலும் ஐந்தில் ஒரு பங்கினர் கையொப்பமிட வேண்டும் என்றும் விதித்தது.

அந்தச் சட்டத்தின்படி முதன்முதலாக எண்ணிக்கை நடந்தது 2025 ஜனவரி 6ஆம் நாள். வாஷிங்டன் நகரில் அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. மாளிகையைச் சுற்றி உயரமான வேலி போட்டிருந்தனர். ஆசனத்தில் இருந்தவர் கமலா ஹாரிஸ். மன்னார்குடியை அடுத்த துளசேந்திரபுரத்தில் பிறந்தவரின் பேத்தி. இரண்டு மாதங்களுக்கு முன் ஜனாதிபதிப் பதவிக்கு நின்று தோற்றவர். டிரம்ப் 312, தமக்கு 226 என்று அவரே படித்தார். ஆட்சேபம் எதுவும் எழவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து, உறுப்பினர்கள் பனியில் வீடு திரும்பினர்.