கையை எடுக்காதீர்கள்!
(பெங்களூரு உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

2016 பிப்ரவரியில் நெலமங்கலா அருகே லாரி மோதி ஹரீஷ் என்ற இளைஞர் இறந்தார். அவர் பெயரிலேயே கர்நாடக அரசு விபத்துச் சிகிச்சைத் திட்டம் கொண்டுவந்தது. ஆனால் ஆம்புலன்ஸ் வரும்வரை ரத்தம் காத்திருக்குமா? வளர்ந்தவர் உடலில் இருப்பதே சுமார் 5 லிட்டர்தான்.

ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். நீங்கள் காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள், அங்கவஸ்திரமே போதும். நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. அரிவாள்மணையில் மன்னி கையை வெட்டிக்கொண்டபோது, நின்றதா என்று துணியை எடுத்து எடுத்துப் பார்த்து, ரத்தத்தை நிற்கவிடாமல் செய்தவன் நான்!

முகம் வெளுத்து, சில்லென்று வியர்த்து, பேச்சு குழறினால் ஆபத்து. போலீஸ் பயம் வேண்டாம். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் உதவுபவருக்குப் பாதுகாப்பு தருகிறது.