எந்த காலிபர்? ஆம்பூர் தம்பிக்கு ஒரு பதில்

இந்த வாரம் ஒரே ஒரு வாய்ஸ் நோட்டுக்குத்தான் முழு எபிசோடும். அனுப்பினது ஆம்பூர்லேர்ந்து ஒரு தம்பி, காலேஜ் ரெண்டாம் வருஷம். பாரிஸ் ஒலிம்பிக்ஸ் பார்த்ததுலேர்ந்து பிஸ்டல் ஷூட்டிங் மேல ஆசை வந்துடுச்சாம். கேள்வி இதுதான்: "அண்ணா, டார்கெட் ஷூட்டிங்குக்கு 9 எம்.எம். நல்லதா, .32 நல்லதா? எங்க பெரியப்பா பேர்ல ஒரு .32 ரிவால்வர் இருக்கு. அதுலயே பழகிடலாமா?"

அந்த ரிவால்வர் எப்படி வந்திருக்கும்னு தம்பி சொல்லாமலே எனக்குப் புரியுது. நானும் அந்தப் பக்கத்து ஆளுதான். சம்பளம் எல்லாம் ரொக்கமா கொடுத்த காலத்துல, பேங்க்லேர்ந்து பணப்பையோட டேனரிக்குத் திரும்பி வர்றவங்க சிலர் லைசென்ஸ் எடுத்து வெச்சிருந்தாங்க. இப்போ அது பாதி நாள் பீரோவுல இருக்கும், தேர்தல் வந்தா போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கும்.

தம்பி, முதல்ல அதை பீரோவுலயே விட்டுடுங்க. லைசென்ஸ்ங்கிறது வீட்டுக்குக் கொடுக்கிறது இல்ல, ஆளுக்குக் கொடுக்கிறது. பெரியப்பா பேர்ல இருந்தா பெரியப்பாவுக்கு மட்டும்தான். நீங்க அதை எடுத்துக்கிட்டு மாந்தோப்புப் பக்கம் போய் ரெண்டு ரவுண்டு சுட்டாலும், ஆயுதச் சட்டத்துல கேஸ் ஆகும். பெரியப்பாவோட லைசென்ஸுக்கும் சிக்கல் வரும். உங்களுக்குன்னு தனியா லைசென்ஸ் கேட்கணும்னா 21 வயசு முடிஞ்சிருக்கணும்.

அடுத்து 9 எம்.எம். சினிமா, கேம் எல்லாத்துலயும் அதுதான். ஆனா நம்ம நாட்டுல அது தடை செய்யப்பட்ட போர் வகை, சாதாரண ஆள் லைசென்ஸ் போட்டு வாங்க முடியாது. அதனால "9-ஆ .32-வா"ங்கிற கேள்வியில பாதி, சட்டத்தாலேயே முடிஞ்சுபோச்சு. எனக்கு இதுல வருத்தம் எதுவும் இல்ல. டார்கெட் ஷூட்டிங்குக்கு 9 எம்.எம். தேவையே இல்ல. ஏன்னு சொல்றேன்.

காலிபர்ங்கிறது பேச்சு வழக்குல குழாயோட உள் அளவு, அவ்வளவுதான். .22-ன்னா ஒரு அங்குலத்துல நூத்துல 22 பங்கு, சுமார் 5.6 மி.மீ. அந்த நம்பரை வெச்சு தோட்டாவை முடிவு பண்ணக் கூடாது. நம்ம நாட்டு .32 ரிவால்வர்ல போடறது ஒரு தோட்டா, 'அஷானி' மாதிரி .32 பிஸ்டல்ல போடறது இன்னொரு தோட்டா. பேர் ஒண்ணு, நீளமும் வடிவமும் வேற. ஷூ சைஸ் 8-ன்னு மட்டும் சொல்லி, யூ.கே.வா யூரோவான்னு சொல்லாம விட்ட கதைதான்.

பெரியப்பா ரிவால்வர் சட்டப்படி உங்க கைக்கு வந்தாலும் எனக்கு இன்னொரு ஆட்சேபம் இருக்கு. அது பக்கத்துல வர்ற ஆளைத் தடுக்கச் செஞ்சது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல 11 செ.மீ. இருக்குன்னு வெச்சுக்கோங்க. குறி பார்க்கும்போது ஒரு மி.மீ. தப்பினா, 25 மீட்டர் தூரத்துல குண்டு 22 செ.மீ.க்கு மேல விலகிப் போகும். போட்டி பிஸ்டல்ல அந்த இடைவெளி 22 செ.மீ. வரைக்கும் இருக்கலாம். அதே ஒரு மி.மீ. தப்புக்கு விலகல் பாதிதான். அந்தத் தூரத்துல பத்து மார்க் வட்டத்தோட விட்டமே 5 செ.மீ.தான்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

சரி, அப்போ எதை எடுக்கறது? "எந்தப் போட்டி?"ன்னு முதல்ல கேளுங்க, காலிபர் தானா வந்துடும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல்னா .177, அதாவது 4.5 மி.மீ. 25 மீட்டர் பெண்கள் பிஸ்டலும், ஆண்கள் ரேபிட் ஃபயரும் .22 லாங் ரைஃபிள். 2012 லண்டன்ல விஜய் குமார் வெள்ளி வாங்கினாரே, அது ரேபிட் ஃபயர். அஞ்சு குண்டு, அஞ்சு டார்கெட், முதல்ல 8 செகண்ட், அப்புறம் 6, கடைசியில 4. எல்லாமே அந்தச் சின்ன .22-லதான். பாரிஸ்ல மனு பாக்கர் வெண்கலம் வாங்கினது .177-ல, நாலாவது வந்தது .22-ல. உங்க ஆசையைக் கிளப்பின அந்தப் பொண்ணு இதை விடப் பெருசா எதுவும் எடுக்கல.

பெரிய காலிபருக்கு இடம் இருக்கிறது சென்டர் ஃபயர் பிஸ்டல்ல. ஒலிம்பிக்ஸ்ல அது கிடையாது. அதுல .30-லேர்ந்து .38 வரைக்கும் அனுமதி. மனுவோட கோச் ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா, 2006 தோஹா ஆசிய விளையாட்டுகள்ல தங்கம் வாங்கின போட்டி இது. 2022-ல திருச்சியில நடந்த மாநிலப் போட்டியில நடிகர் அஜித் வாங்கின பதக்கங்கள்லயும் சென்டர் ஃபயர் உண்டு. .38 வரைக்கும் விதி விட்டாலும், இதுல நிறைய பேர் எடுக்கிறது .32 வாட்கட்டர்.

வாட்கட்டர்னா மூக்கு தட்டையா இருக்கிற குண்டு. நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேணாம். பெல்ட்ல ஓட்டை போட பஞ்ச் வெச்சு அடிச்சா வட்டமா வெட்டி எடுக்கும். குத்தூசி போட்டா தோல் கிழிஞ்சு சுருங்கிக்கும். கூர் மூக்கு குண்டு பேப்பர்ல குத்தூசி மாதிரி, வாட்கட்டர் பஞ்ச் மாதிரி.

இங்க ஒருத்தர் கேட்பார்: "குண்டு பெருசா இருந்தா அடுத்த வட்டத்தோட கோட்டைத் தொட்டுடும், மார்க் ஏறுமே?" நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஏமாந்துட்டேன். பேப்பர் டார்கெட்ல சென்டர் ஃபயருக்கு, நீங்க எந்தக் காலிபர்ல சுட்டாலும் ஓட்டையை அளக்கிறது ஒரே 9.65 மி.மீ. கேஜ்ல. பெரிய குண்டுக்கு போனஸ் கிடையாது, அதிர்ச்சி மட்டும் மிச்சம்.

அந்த அதிர்ச்சிதான் விஷயமே. .22 குண்டு சுமார் 2.6 கிராம், வினாடிக்கு 320 மீட்டர்னு வெச்சுக்கலாம். 9 எம்.எம். சுமார் 7.5 கிராம், 360 மீட்டர். பெருக்கிப் பாருங்க, உந்தம் மூணு மடங்குக்கு மேல. அதே எடை பிஸ்டல்னா உங்க மணிக்கட்டு வாங்கற உதையும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். ஆனா குண்டு வெளிய போனதுக்கு அப்புறம் கை ஆடறதைப் பத்தி டார்கெட்டுக்குக் கவலை இல்ல. உதை வரப்போகுதுன்னு மூளை பயந்து, சுடறதுக்கு முன்னாடியே கை இறுகுது பாருங்க, அதுதான் குறியைக் கெடுக்குது.

என் கதையைச் சொல்றேன். ஏர் பிஸ்டல்ல மூணே மாசம் பழகிட்டு, எனக்கு எல்லாம் வந்துடுச்சுன்னு நினைச்சு கிளப்ல .22 கேட்டு வாங்கினேன். ரெண்டு வாரம் எல்லாம் கீழ் இடதுபுறமே விழுந்தது. சைட் சரியில்லன்னு கோச் கிட்ட வாதம் பண்ணேன். அவர் எதுவும் சொல்லாம, நான் பார்க்காதப்போ மேகசின்ல நடுவுல ஒரு டம்மி தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். ரெண்டு குண்டு சுட்டேன். மூணாவது, டிரிகரை அழுத்தறேன், சத்தமே இல்ல. ஆனா பிஸ்டல் மூக்கு மட்டும் மண்வெட்டி மாதிரி கீழ குத்திச்சு. வராத உதைக்கு நான் குனிஞ்சிருக்கேன். கோடுல பக் வெச்சுட்டு சர்வரைத் திட்டற ஆளு மாதிரி அங்க நின்னேன். .22-க்கே இப்படின்னா, நேரா .32-ல ஆரம்பிச்சிருந்தா அந்தப் பழக்கம் எனக்கு நிரந்தரமா ஒட்டியிருக்கும்.

அதனால தம்பி, .177-ல ஆரம்பிங்க. 2016 ஆயுத விதிகள்படி 4.5 மி.மீ.க்கும் 20 ஜூலுக்கும் உள்ள இருக்கிற ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேணாம். போட்டி ஏர் பிஸ்டல் குண்டு அரை கிராம்தான், ஆற்றல் ஆறு ஜூல் மாதிரி. உதைன்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல, அதனால தப்பு எல்லாம் உங்களோடதுன்னு தெளிவா தெரியும். டிரிகர் எடை குறைஞ்சது 500 கிராம், 25 மீட்டருக்குப் போனா 1000 கிராம். உடனே சொந்தமா வாங்காதீங்க, நல்ல இறக்குமதி பிஸ்டல் லட்சத்தைத் தாண்டும். ஒரு ரைஃபிள் கிளப்ல சேர்ந்து அவங்க பிஸ்டல்ல ஆறு மாசம் சுடுங்க. ஏர் பிஸ்டல்தானேன்னு விளையாட்டா யார் பக்கமும் நீட்டாதீங்க, கண்ணு போயிடும். பெல்லட் ஈயம்கிறதால, சுட்டு முடிச்சதும் கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு அப்புறமா பிரியாணிக்கு உட்காருங்க.

.22-க்கு மாறுற நாள் வந்தா அதையும் கிளப் வழியா, கோச் பக்கத்துல நிக்கும்போது எடுங்க. லைசென்ஸ், தோட்டா கணக்கு எல்லாம் பொறுமையா ஓடட்டும். .32 வேணுமான்னு அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு கேளுங்க, நான் இன்னும் இந்த ஷோவை ஓட்டிக்கிட்டு இருந்தா பதில் சொல்றேன்.

ஒண்ணு விட்டுட்டேன். பிஸ்டல் போட்டியில ஷூ கணுக்காலை மூடக் கூடாது, அடிப்பாகம் வளையணும். ஆனா தட்டையா, ஆடாம நிக்கணும். வெளிநாட்டு ஷூ விலையைப் பார்த்தேன், மூடி வெச்சுட்டேன். ஆம்பூர்ல ஷூ தைக்கிற யாராவது இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா, ஒரு ஜோடி முயற்சி பண்ணிப் பார்க்கலாமே? எனக்கு சைஸ் 9. யூ.கே.