குப்பையோடு போன சாவி

போன ஆவணி முகூர்த்தச் சமயம். எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டிடிபி கடை. காலை எட்டரைக்குக் கடைக்கார அக்காவிடமிருந்து போன். "தம்பி, டிசைன் சாஃப்ட்வேரைத் திறந்தா லைசென்ஸ் செல்லாதுன்னு சொல்லுது. நாளைக்குள்ள நானூறு பத்திரிகை குடுத்தாகணும். ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

நான் போய்ச் சேர்வதற்குள் அக்காவின் அண்ணன் மகன் செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்து வைத்தியத்தை ஆரம்பித்திருந்தான். முதலில் டெம்ப் ஃபைல்களை அழித்திருக்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் மறைந்திருக்கும் ஃபோல்டர்களை வெளியே காட்டச் சொல்லி, சி டிரைவில் புரோகிராம்டேட்டாவுக்குள் நுழைந்து, லைசென்ஸ் சம்பந்தப்பட்டதாகத் தோன்றிய ஒரு ஃபோல்டரை முழுசாகத் தூக்கிவிட்டான். ரீசைக்கிள் பின்னில்கூட விட்டுவைக்கவில்லை. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு டெலிட். காலையில் படுத்திருந்தது ஒரு சாஃப்ட்வேர். இப்போது அக்காவின் கணவரான அத்தான், வீட்டு பிளான் போடப் பயன்படுத்துகிற இன்னொன்றும் சேர்ந்து படுத்துக்கொண்டது.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். டெம்ப் ஃபைலும் லைசென்ஸ் பதிவும் கணினிக்குள் அடையாளம் தெரியாத பெயரோடுதான் கிடக்கின்றன. ஆனால் ஒன்று கணக்குப் போட்டுக் கசக்கிய காகிதம்; மற்றது ரேஷன் கார்டு.

கசக்கிய காகிதத்தை முதலில் பார்ப்போம். விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் சதவீதக் குறி, டெம்ப், மறுபடி சதவீதக் குறி என்று அடித்தால் திறக்கிற ஃபோல்டர்தான் உங்கள் டெம்ப். சாஃப்ட்வேர்கள் வேலை செய்யும்போது கிறுக்கிப் போட்டவை அதில் கிடக்கும். ஆக்டிவேஷன் நடக்கும்போது எழுதுகிற குறிப்புகள், இன்ஸ்டால் செய்யப் பிரித்த பொட்டலங்கள் எல்லாம் அங்கேதான். போட்டோஷாப் பாதியில் நின்றுபோனால், அது எழுதிவைத்த தற்காலிக ஃபைல்கள் பல ஜிபி அளவுக்கு அப்படியே தங்கிவிடுவதும் உண்டு. டிடிபி கடைகளில் டிஸ்க் நிறைவதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பது என் அனுபவம்.

இவற்றை அழிக்கலாம். ஆனால் நேரம் பார்த்து அழிக்க வேண்டும். சில சாஃப்ட்வேர்கள் இன்ஸ்டால் ஆகும்போது பாதி வேலையை டெம்ப்பில் வைத்துவிட்டு, கணினியை அணைத்துப் போட்டதும் அங்கிருந்து எடுத்து மீதியை முடிக்கும். அந்த இடைவெளியில் போய்ப் பெருக்கினால் இன்ஸ்டால் அரைகுறையாக நிற்கும். அதனால் ரீஸ்டார்ட் செய்து, கொஞ்சம் பொறுத்து, மற்ற எதையும் திறக்காமல் அழியுங்கள். "இந்த ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது" என்று சொன்னால் மல்லுக்கு நிற்காமல் ஸ்கிப் கொடுத்துவிடுங்கள். விண்டோஸோடு வருகிற டிஸ்க் கிளீனப் ஒரு வாரத்துக்கு மேல் தொடாமல் கிடக்கிற டெம்ப் ஃபைல்களை மட்டுமே எடுக்கும். அந்த நிதானம் நமக்கும் நல்லது. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கம் போய் அழிப்பவர்கள், பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற பெயரும் இருப்பதைக் கவனியுங்கள். நீங்கள் பணம் கட்டி இறக்கிய இன்ஸ்டால் ஃபைல் அதற்குள் இருக்கும்.

இனி ரேஷன் கார்டு. ஆக்டிவேட் செய்தவுடன், "இந்தக் கணினியில் இந்த சாஃப்ட்வேர் முறையானது" என்று ஒரு பதிவைக் கணினி எழுதி வைத்துக்கொள்கிறது. விண்டோஸுக்கு அது டோக்கன்ஸ் டாட் டேட் என்ற ஃபைல். ஆட்டோகேட் போன்றவை வெகுகாலம் நம்பியிருந்தது ஃப்ளெக்ஸ்நெட் என்ற லைசென்ஸ் முறை. புரோகிராம்டேட்டாவுக்குள் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில்தான் சூட்சுமம்: ஒரே ஃபோல்டரில் பல கம்பெனிகளின் பதிவுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஃபைல் பெயரின் முன்பகுதியை வைத்துத்தான் எது யாருடையது என்று தெரியும். ஃபோல்டரையே தூக்கினால் பக்கத்து வீட்டுக்காரர் கார்டும் சேர்ந்து போகும். இந்த ஃப்ளெக்ஸ்நெட் இன்னொரு வேலையும் செய்யும். ஹார்டு டிஸ்க்கின் தொடக்கப் பகுதி செக்டார்களில், எந்த ஃபோல்டரிலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு குறிப்பை எழுதி வைக்கும். லினக்ஸை ஏற்றித் தருகிற கிரப் புரோகிராம் அதைக் கண்டால், 32ஆம் செக்டாரில் ஃப்ளெக்ஸ்நெட் இருக்கிறது, விலகிப் போகிறேன் என்று செய்தி காட்டிவிட்டு நகரும். அவ்வளவு பிடிவாதமான குடித்தனக்காரர்!

அந்தப் பதிவே கெட்டுப்போவதும் உண்டு. அப்போது என்ன செய்வது? மைக்ரோசாஃப்ட் தன் டோக்கன்ஸ் ஃபைலுக்குச் சொல்கிற முறையைப் பாருங்கள். முதலில் லைசென்ஸைக் கவனிக்கிற சர்வீஸை நிறுத்து. பிறகு ஃபைலின் பெயரை மாற்று. சர்வீஸை மறுபடி ஓடவிடு. லைசென்ஸ் ஃபைல்களைத் திரும்ப ஏற்று. கடைசியில் கணினியை இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய். எந்த இடத்திலும் அழி என்று சொல்லவில்லை. பெயரை மாற்றினால் போதும். கணினி பழையதைக் காணாமல் புதிதாக ஒன்றை எழுதும். சரிவரவில்லை என்றால் பழைய பெயரைத் திரும்ப வைத்துவிடலாம். ஆட்டோகேட் பதிவையும் இப்படி அழிக்காமல் பெயரை மாற்றிப் பார்க்கலாம். ஆனால் கையில் சீரியல் நம்பரும், வாங்கும்போது கொடுத்த மின்னஞ்சலும் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

கணினியையே மாற்றப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. கணக்கு எழுதுகிற டாலியில் சரண்டர் என்று ஒரு வசதி இருக்கிறது. பழைய கணினியில் லைசென்ஸை ஒப்படைத்துவிட்டுப் புதியதில் ஏற்றிக்கொள்ளலாம். மற்ற பலவற்றில் டீஆக்டிவேட் அல்லது சைன் அவுட். இதைச் செய்யாமல் ஃபைலை மட்டும் அழித்தால், கம்பெனியின் சர்வரில் உங்கள் கணக்கு பழைய கணினியிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

கிராக் போட்ட சாஃப்ட்வேரைச் சுத்தம் செய்வது எப்படி என்று கேட்டு என்னிடமும் ஆட்கள் வருகிறார்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டு என்று சொல்கிற புரோகிராம் எங்கெங்கே கை வைத்தது என்று யாருக்கும் தெரியாது. அங்கே என் துடைப்பம் வேலை செய்யாது.

கடைக்கு வருவோம். அக்கா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். தேதி 2014 ஜனவரி 1. வழக்கமாக யுபிஎஸ் ஓடிக்கொண்டே இருக்கும், கடிகாரத்துக்கும் கரண்ட் கிடைக்கும். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, மெயினையே அணைத்துப் பூட்டியிருக்கிறார்கள். மதர்போர்டில் காசு மாதிரி ஒட்டியிருக்குமே, சிஆர்2032 என்கிற செல், அது தீர்ந்துபோய் கடிகாரம் பின்னால் ஓடிவிட்டது. நேரம் பின்னால் போனால் லைசென்ஸ் சாஃப்ட்வேர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். காலாவதியைத் தள்ளிப்போடத் திருடர்கள் செய்கிற வேலை அதுதானே!

செல்லை மாற்ற ஐந்து நிமிடம். பையன் அழித்ததை மீட்க மதியம் மூன்று மணி ஆயிற்று. சாஃப்ட்வேர் வாங்கியபோது கொடுத்த மின்னஞ்சல், வேலையை விட்டுப் போன ஒரு பெண்ணுடையது. அவளுக்குப் போன் போட்டு, அவள் பாஸ்வேர்டை மறந்து, அதை மீட்டு, பிறகுதான் வழி பிறந்தது. அத்தானின் பிளான் சாஃப்ட்வேருக்கு சீரியல் நம்பர் பில்லிலேயே இருந்தது. அந்த பில் பிரிண்டருக்குக் கீழே, ஆட்டம் நிற்பதற்காக நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.