சராசரிக் கணக்கை நாமும் பார்ப்போம்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம் என்று வாய் திறந்தாலே நிர்வாகம் சொல்வது இதுதான்: "உங்கள் தோட்டத்து விளைச்சல் தேசிய சராசரியை எட்டவில்லை, கொழுந்தைக் கூட்டுங்கள்." அந்தச் சராசரி எங்கிருந்து வருகிறது?

நாட்டுத் தேயிலையில் பெரும்பங்கு இன்று சிறுதோட்டக்காரர்களுடையது. இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கத்துச் சூட்டில் கொழுந்து சீக்கிரம் வரும், பெரும்பாலும் வீ.பீ. தேயிலை. நமது மலைகளில் குளிர். வெள்ளைக்காரத் துரைமார் காலத்து விதைத் தேயிலை இன்னும் நிற்கிறது. இரண்டையும் ஒரே தராசில் போடலாமா?

விளைச்சல் என்பது ஹெக்டேயருக்கு எத்தனை கிலோ தூள் என்ற கணக்கு. செடி செத்து வெற்றிடமான இடமும் அந்த ஹெக்டேயருக்குள்தான். அதை நிரப்புவது கொழுந்து பறிக்கும் கையல்ல, மீள்நடுகைக்கான பணம்.

2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. அந்த ஆண்டு ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டு உற்பத்தி, 2022இல் 25 கோடியாக இறங்கியது. ஒரே வருடத்தில் நம் கைகளா சோர்ந்துபோயின?

ஆகவே அடுத்த பேச்சுவார்த்தையில் நாம் கேட்போம்: எந்த மலையில் செடிக்கு என்ன வயது, கடைசியாக உரம் போட்டது எப்போது, மீள்நடுகை எத்தனை ஹெக்டேயர்? ஒப்பிடுவதானால் நமது உயரத்துத் தோட்டங்களோடு ஒப்பிடட்டும். அதுவரை, அன்றன்று பறித்த மலையையும் நிறையையும் ஒவ்வொருவரும் கொப்பியில் எழுதி வைப்போம். கணக்கு நம் கையிலும் இருக்கட்டும்.