இழுப்பதும் நிறுத்துவதும்



தேரோட்டம் பார்க்காத தமிழர் அரியர். வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கில் நிற்பர்; நம் கண்களும் அவர்கள் மேலேயே செல்லும். ஆனால், சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையும் கையுமாகச் சிலர் குனிந்தபடி வருவார்களே, அவர்களைக் கவனித்ததுண்டா? தேரை நகர்த்துவோர் வடம் பிடிப்போர். திருப்புவதும் நிறுத்துவதும் முட்டுக்கட்டை போடுவோரின் பொறுப்பு. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரங்களோடு ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனத்தில் செய்து பொருத்தப்பட்டது. இழுக்க ஆள் எத்தனை பேர் இருந்தாலும், நிறுத்த வழியில்லாத தேரை நிலையிலிருந்து கிளப்பக் கூடாது என்பது இதில் அடங்கிய பாடம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தேர் அன்று. வழியில் பழுதாகி நின்ற காரை ஒரு சிறு சரக்கு வண்டியின் பின்னே கட்டி இழுத்துச் செல்வது எப்படி என்பதே. எனினும் பாடம் ஒன்றுதான்.

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலை கும்மிடிப்பூண்டி வழியே போகிறது. அதற்கு மேற்கே இருக்கிறது தேர்வாய் கண்டிகை. 2020-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, சென்னைக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம் ஒருபுறம். டயர்த் தொழிற்சாலை முதலியவை அமைந்த சிப்காட் தொழிற்பூங்கா ஒருபுறம். வேலை முறை மாறும் நேரத்தில் பேருந்துகளும் பார வண்டிகளும் இருசக்கர வண்டிகளும் சாலையை நிறைத்துவிடும்.

அப்படிப்பட்ட ஒரு மாலை மங்கிய வேளையில் அங்கே நான் கண்ட காட்சி இது. ஒரு சிறு சரக்கு வண்டி மெதுவாக வந்தது. அதன் பின்னே சில அடி இடைவெளி விட்டு ஒரு கார். சாலையைக் கடக்கக் காத்திருந்த இளைஞர் ஒருவர், இரண்டுக்கும் நடுவே தம் மோட்டார் சைக்கிளைச் செலுத்தினார். நடுவே சாம்பல் நிறக் கயிறு ஒன்று இருந்தது. கடைசி நொடியில் அதைக் கண்டு பிரேக்கை அழுத்தினார். வண்டி சறுக்கிக் கீழே விழுந்தார். காரில் இருந்தவரும் அந்நேரம் பிரேக்கை மிதித்ததால் கயிறு அறுந்தது. இளைஞர் முழங்கால் சிராய்ப்போடு தப்பினார். தூக்கிவிட்டபோது, "தம்பி, கயிற்றைப் பார்க்கவில்லையா?" என்று கேட்டேன். "கயிறு இருக்கும் என்று யார் நினைத்தார்கள், ஐயா? இரண்டும் தனித்தனி வண்டி என்றல்லவா நினைத்தேன்!" என்றார். அவர்மீது குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கயிறு கட்டியவர்கள் அதில் ஒரு சிவப்புத் துணியைக்கூடக் கட்டவில்லை.

நீங்கள் பௌதிகம் படிப்பவர்கள். சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஆயிரம் கிலோ எடையுள்ள காரைச் சமதளமான தார்ச்சாலையில் ஒரே வேகத்தில் இழுக்கப் பதினைந்து கிலோ எடையைத் தூக்கும் அளவு விசையே ஏறக்குறையப் போதும். இரண்டு பேர் தள்ளினாலே கார் நகர்வது அதனால்தான். அதே கார் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது 5 மீட்டர் தூரத்துக்குள் நிறுத்த வேண்டுமானால், முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடைக்கு நிகரான விசை தேவை. இழுக்கப் பதினைந்து, நிறுத்த முந்நூறு! வேகம் இரட்டித்தால் நிறுத்தும் தூரம் நான்கு மடங்காகும்.

அடுத்து, கயிற்றின் இயல்பைக் காண்போம். மாட்டு வண்டி இறக்கத்தில் இறங்கும்போது ஏர்க்காலும் நுகத்தடியும் வண்டியின் பாரத்தை மாடுகளின் மேல் சேர்க்கின்றன; மாடுகள் கால் ஊன்றி அதைத் தாங்குகின்றன. விறைப்பான மரம் இழுக்கவும் செய்யும், தடுக்கவும் செய்யும். கயிறோ இழுக்க மட்டுமே அறியும். முன் வண்டி நின்றால் பின் காரை நிறுத்த அதனால் ஆகாது. அந்தக் காரை நிறுத்துவது, அதில் அமர்ந்திருப்பவரின் கால் ஒன்றே.

அவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது? மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஐந்தரை மீட்டர். நம் நாட்டுச் சாலை விதிகளின்படி இரு வண்டிகளுக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மிகலாகாது. முன் வண்டி சட்டென்று நிற்க, பின்னவர் கண்டு உணர்ந்து காலை அழுத்த ஒரு வினாடி தாமதித்தாலும் போதும், மோதல் உறுதி. ஆதலால் முன்னவர் ஒருபோதும் திடுமென நிறுத்தலாகாது. நிறுத்துமுன் கைகாட்டி அறிவிக்க வேண்டும். பின்னவர் முன் வண்டியின் விளக்கைப் பார்த்தபடியே இருந்து, முதலில் தாமே மெல்லப் பிரேக்கை அழுத்த வேண்டும். கயிறு தொய்யாமல் இருக்கச் செய்வதும் அவர் வேலையே. தொய்ந்த கயிறு மீண்டும் விறைக்கும்போது விழும் வெட்டு, கொக்கியையும் பிடுங்கிவிடக்கூடும்.

பின்னவரின் தொல்லை இன்னும் உண்டு. எஞ்சின் ஓடாத காரில் பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசை இரண்டு மூன்று மிதிக்குள் தீர்ந்துவிடும். அதன் பின் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். சாவியைக் கழற்றினாலோ ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எனவே சாவியைத் திருப்பிய நிலையிலேயே விட வேண்டும். ஆகவேதான், இழுக்கப்படும் காரில் ஓட்டுநர் உரிமம் பெற்ற ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. 'சும்மா உட்கார்ந்துகொள்' என்று வீட்டுச் சிறுவனை ஏற்றிவிடுவது பெரும் பிழை. ஓட்டுபவர் தவிர வேறு எவரும் அதில் ஏறலாகாது.

சரக்கு வண்டிக்கு வருவோம். நம் ஊர்களில் 'குட்டி யானை' என்று பெயர் பெற்ற டாடா ஏஸ் 2005-இல் வெளிவந்தது. அதன் முதல் வடிவத்துக்கு 702 கன சென்டிமீட்டர் எஞ்சின். ஏற்றக்கூடிய சுமை 750 கிலோ. பெயரில் யானை இருந்தாலும், பின்னே கட்டும் கார் அதைவிடக் கனமாகவும் இருக்கலாம். வெற்று வண்டியின் பின்சக்கரங்கள் தரையை இறுகப் பற்றுவதில்லை. அளவான சுமை இருந்தால் பிடிப்பு மிகும். இழுக்கும் வண்டி காரைவிடக் கனமாக இருப்பதே நலம்.

கட்டும் முறையும் முக்கியம். பம்பரில் கட்டாதீர்கள். பல கார்களில் திருகிப் பொருத்தும் இழுவைக் கொக்கி, கருவிப் பையில் இருக்கும், அதில் கட்டுங்கள். சங்கிலியைவிட, சற்றே நீளும் தன்மையுள்ள தடித்த நைலான் பட்டை வெட்டைத் தாங்கும். நடுவே ஒரு கனத்த கோணிப்பையைப் போர்த்துங்கள்; கயிறு அறுந்தால் சாட்டைபோல் வீசும் வேகத்தை அது ஓரளவு தணிக்கும். அதன்மேல் சிவப்புத் துணி கட்டுங்கள். 'இழுத்துச் செல்லப்படும் வண்டி' என்பதை அறிவிக்கும் பலகையைக் காரின் பின்புறம், வெள்ளையில் கறுப்பு எழுத்தாக மாட்டுங்கள். வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேற்படாமல் இருக்கட்டும். இரவில் வேண்டவே வேண்டாம்.

சில நேரங்களில் கயிற்றை எடுக்காமல் இருப்பதே அறிவு. பிரேக்கோ ஸ்டியரிங்கோ கெட்ட காரைக் கயிற்றால் இழுக்கலாகாது. தானியங்கிக் கியர் உள்ள கார்கள் பலவற்றில், எஞ்சின் ஓடினால்தான் கியர்களுக்கு எண்ணெய் பாயும். சக்கரம் உருள இழுத்தால் அவை வெந்து கெடும். மின்சாரக் காரிலோ, உருளும் சக்கரம் மோட்டாரையும் சுழற்றிக் கேடு விளைவிக்கும். இவற்றைத் தட்டையான மேடையுள்ள மீட்பு வண்டியில் ஏற்றிச் செல்வதே முறை. தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணை அழைத்து உதவி கேட்கலாம்.

நாளை நீங்கள் பொறியாளராகலாம், ஓட்டுநராகலாம், தொழிற்சாலை நடத்துபவராகலாம். ஒரு பொருளை நகர்த்தத் துணியும் போதெல்லாம், 'இதை நிறுத்துபவர் யார்? எதனால் நிறுத்துவார்?' என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். அன்று விழுந்து எழுந்த அந்த இளைஞருக்கு, கயிற்றைக் கட்டியவர்கள் யாரென்றே தெரியாது. நாம் கட்டும் கயிற்றின் குறுக்கே நம்மை அறியாத ஒருவர் வரக்கூடும்; அவரையும் எண்ணி முடிச்சுப் போடுங்கள்.