அடுப்பில் எரிவது விறகு மட்டுமா?

(தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டில் சக்தியைச் சேமிக்க வேண்டும் என்றதும் லைட்டை அணைப்பதுதான் பலருக்கு ஞாபகம் வரும். அதுவும் தேவைதான். 60 வாட் குண்டு பல்பு தினமும் 5 மணித்தியாலம் எரிந்தால் 30 நாளில் 9 அலகு மின்சாரம் போகும். 9 வாட் எல்.ஈ.டி. பல்புக்கு ஒன்றரை அலகு கூட ஆகாது. ஆனால் லயத்தில் நாம் அதிகமாகச் செலவழிக்கும் சக்தி விறகுதான். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது, விறகடுப்பைத்தானே நம்பினோம்?

"விறகு சும்மா கிடைக்குதே, அதில் என்ன சேமிப்பு?" என்று கேட்பீங்க. நாள் முழுக்கக் கொழுந்தெடுத்து நிறுத்துக் கொடுத்த பிறகு, கவ்வாத்து மலையில் மிளாறு பொறுக்கித் தலையில் சுமந்து வருவது யார்? அந்தக் கழுத்து வலி சும்மாவா?

ஒரு கணக்குப் பார்ப்போம். பச்சை விறகின் பாரத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர். 20 கிலோ கட்டைச் சுமந்தால் அதில் 10 கிலோ தண்ணீரைத்தான் சுமக்கிறோம். அடுப்பில் வைத்தாலும், அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பின் ஒரு பகுதி வீணாகும். சோறு வேகச் சுணங்கும், புகையோ வீடு நிறையும்.

ஆகவே தை, மாசி வெயிலிலேயே விறகைச் சிறிதாகப் பிளந்து, காற்றுப் போகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே தகரம் போட்டு மூடுங்கள். அடுப்புக்கு மேலே பரண் கட்டிக் காய வைக்காதீங்க. லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ அந்தக் காம்பராவோடு நிற்காது.

மூன்று கல் அடுப்பில் சூடு நாலா பக்கமும் ஓடிவிடும். அனகி அடுப்பு களிமண்ணால் செய்தது. விறகு வைக்க ஒரே வாய், சட்டி வைக்க இரண்டு இடம். முன்னால் சோறு வேகும்போது, அதே நெருப்பின் சூடு பின்னால் போய் கறியையும் கொதிக்க வைக்கும். கறி இல்லாவிட்டால் அங்கே ஒரு சட்டி தண்ணீரை வையுங்கள். கடலை, பயறு சமைப்பதென்றால் முதல் நாள் ராத்திரியே ஊறப் போடுங்கள். எதைச் சமைத்தாலும் மூடி போட்டுச் சமையுங்கள். சட்டியின் அடியில் கரி தடித்திருந்தால் சுரண்டிவிடுங்கள்.

விறகு குறைந்தால் புகையும் குறையும். அதுதான் எனக்குப் பெரிய விஷயம். காற்றோட்டம் இல்லாத குசினியில், அம்மா இடுப்பில் இருக்கும் பிள்ளையும் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு நியூமோனியா வருவதற்கு இந்தப் புகையும் ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அடுப்பு எரியும் நேரம் கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள். பிள்ளையை இஸ்தோப்பில் பாட்டியிடமோ தாத்தாவிடமோ விடுங்கள்.

அண்ணன்மாரே, தம்பிமாரே, கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. சமையல் பொம்பளை வேலை என்று சொல்லி ஒதுங்காதீங்க. விறகைப் பிளந்து அடுக்குவதும், அடுப்பைச் சுற்றி மண் பூசிக் கொடுப்பதும், புகை போக வழி செய்வதும் உங்களால் முடியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அரை நாள் போதும். அந்த வீட்டில் இருமல் குறையும்.