அருஞ்சொல்லும் அதன் பொருளும்



ஆங்கில அருஞ்சொற்களைக் கற்கும் வழி பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகின்றோம். நாளொன்றுக்குப் பத்துச் சொற்களைக் கொப்பியில் எழுதி மனனஞ் செய்வோர் பலர். பரீட்சை முடிந்ததும் அவை பறந்துவிடுகின்றன. இலையைப் பறித்தவர்கள் வேரைப் பிடிக்கவில்லை என்பதே காரணம்.

வைத்தியசாலைச் சொற்களைப் பாருங்கள். ‘ஹைப்பர்’ என்றால் மிகுதி. ‘ஹைப்போ’ என்றால் குறைவு. இரண்டும் கிரேக்க மொழியிலிருந்து வந்தவை. ஆகவே ஹைப்பர்டென்ஷன் உயர் இரத்த அழுத்தம். ஹைப்போடென்ஷன் தாழ் இரத்த அழுத்தம். ‘ஐட்டிஸ்’ என முடியும் நோய்ப்பெயர் அழற்சியைக் குறிக்கும். ஆர்த்ரைட்டிஸ் மூட்டழற்சி, ஹெப்பட்டைட்டிஸ் ஈரலழற்சி. வேர் மூன்றை அறிந்தால் பல சொற்கள் தாமே வாய் திறக்கும்.

ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சவும் வேண்டியதில்லை. நமது கட்டுமரமும் சுருட்டும் கப்பலேறிச் சென்று ஆங்கில அகராதியிற் குடியேறியவை. சப்பிரகமுவ மண் தரும் நீலக்கல்லையும் சிவப்புக்கல்லையும் விஞ்ஞானிகள் ‘கொரண்டம்’ என்பர். அது ‘குருந்தம்’ என்னும் தமிழ்ச் சொல்லின் வழிவந்தது. எதிர்பாராது கிட்டும் நற்பேற்றைக் குறிக்கும் ‘செரண்டிப்பிட்டி’ என்ற சொல்லை, இலங்கையின் பழம்பெயராகிய செரண்டிப்பிலிருந்து 1754 இல் ஆக்கியவர் ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கிலேயர்.

ஆனால் கற்ற சொல் யாருக்காக? கரவனெல்ல வைத்தியசாலையிலிருந்து துண்டொன்றுடன் லயத்துக்குத் திரும்பும் தாய், “தம்பி, இதுல என்னாப்பா எழுதியிருக்கு?” என்று கேட்கிறாள். ஆங்கிலச் சொல்லை அழகாக வாசித்துக் காட்டினால் மட்டும் அவளுக்குப் பயன் என்ன? உயர்வா தாழ்வா என்பதிலன்றோ அவள் உண்ணும் மருந்தே தங்கியிருக்கிறது! தமிழிற் சொல்லத் தெரியாத ஆங்கிலச் சொல் பூட்டிய பெட்டிக்குள் கிடக்கும் பணம் போன்றது.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இதனை நன்குணர்ந்தார். மானிப்பாயிலே தமிழைக் கற்று, மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். அந்நியர் ஒருவர் நமது மொழிக்குச் செய்ததை, நமது தாய்மாருக்கு நாம் செய்யலாகாதா?

எனவே ஒரு வேண்டுகோள். கொப்பியில் மூன்று பத்திகள் கோடிடுவோம்: சொல், அதன் வேர், தமிழ்ப் பொருள். ஞாயிறுதோறும் மன்றத்தில் ஐந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதி விளக்குவோம். தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கேட்டு, “விளங்கிடுச்சு” என்றால்தான் அச்சொல்லைக் கற்றதாகக் கொள்வோம். வரும் வாணி விழாவிலே ஏட்டுடன் அக்கொப்பிகளையும் கலைமகள் திருமுன் வைப்போம்.